தேதியைச் சொல்லாதே

என் பெயர் கிருபாசங்கர் நிகம். முப்பத்தைந்து வருடமாகப் பம்பாயில் இந்திப் படங்களுக்கு வசனம் எழுதுகிறேன். என்னை உங்களுக்குத் தெரிந்திருக்காது. அந்த வசனத்தைக் கட்டாயம் தெரியும்.

"வர்ற தேதியைச் சொல்லாதே. சொன்னா அந்த ஒரு நாள்தான் வாசலைப் பார்ப்பேன். சொல்லலைன்னா எல்லா நாளும் பார்ப்பேன்."

'உன் ஜன்னல் வரை' படத்தில் ரயில் கிளம்பும்போது கதாநாயகி சொல்வது. ஆட்டோவின் முதுகில் எழுதுகிறார்கள். கல்யாணப் பத்திரிகையில் அச்சடிக்கிறார்கள். பரேலில் ஒரு தியேட்டரில் இருபத்தைந்து வருடமாகப் படம் காலைக் காட்சியாக ஓடுகிறது. அந்த இடம் வந்தால் கூட்டம் மொத்தமும் சேர்ந்து சொல்லும். நானும் உள்ளே உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் காது சுடும்.

எப்படி எழுதினீர்கள் என்று கேட்டால், தாதர் ஸ்டேஷனில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது தோன்றியது என்பேன். பேட்டிக்குப் பேட்டி அந்த மழை பலத்துக்கொண்டே வந்தது. உண்மையில் மழையும் இல்லை, மண்ணும் இல்லை. அது ஹெர்மினா சொன்னது.

ஹெர்மினா பெரைரா கோவாக்காரி. கதாநாயகியின் ஹேர்டிரஸ்ஸர். அப்போது எங்கள் யூனியனில் பெண்கள் தலைமுடியைத் தொடலாம், முகத்தைத் தொடக்கூடாது. மேக்கப் ஆண்களின் வேலை. அதனால் மேக்கப்காரர் முகத்தை முடிக்கும்வரை ஹெர்மினா ஒரு டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து காத்திருப்பாள். வாயில் நாலு கொண்டை ஊசி இருக்கும். அதோடேயே பேசுவாள்.

எங்கள் யூனிட்டில் லைட்மேனாக இருந்த பலிராம் என்ற பீகார்க்காரன் ஷார்ஜாவுக்கு வயரிங் வேலைக்குப் போயிருந்தான். அவனுக்கும் ஹெர்மினாவுக்கும் கல்யாணம் நடக்கப்போகிறது என்று யூனிட்டுக்கே தெரியும். அவனுக்கு இந்தி மட்டும்தான் படிக்க வரும். இவளுக்கு இந்தி பேச வரும், எழுதப் படிக்க வராது. வசனம் எழுதுகிறவனை எங்கள் யூனிட்டில் முன்ஷி என்பார்கள்; என்னிடம் வந்தாள்.

"முன்ஷிஜி, ஒரு லெட்டர் எழுதித் தாங்க. நான் சொல்றதை அப்படியே எழுதணும். உங்க இலக்கியத்தை எல்லாம் போடாதீங்க."

"ஏன், என் இலக்கியத்துக்கு என்ன குறைச்சல்?"

"அவன் பயந்து ஊருக்கு வராமப் போயிடுவான்."

சிரித்துக்கொண்டே எழுதினேன். நாலாவது வரியில் அதைச் சொன்னாள். சொல்லிவிட்டு, டீ கொண்டு வந்தவனிடம் சர்க்கரை பற்றாது என்று சண்டைக்குப் போய்விட்டாள். நான் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அன்றே கடிதம் தபாலில் போனது.

மறு வாரம் ரயில் காட்சி. எங்கள் டைரக்டர் போஜ்வானி வசனத்தைச் செட்டிலேயே, ஷாட்டுக்கு முன்னால் எழுதச் சொல்கிறவர். அப்போதுதான் சூடு இருக்குமாம். பதினோரு தாளைக் கிழித்தார்.

"நிகம், அந்தப் பொண்ணு காதலைச் சொல்றாளா, முனிசிபாலிட்டி நோட்டீஸ் குடுக்கிறாளா? பத்து நிமிஷம் தர்றேன். முடியலைன்னா வேற ஆளைக் கூப்பிடுறேன்."

பன்னிரண்டாவது தாளில் ஹெர்மினாவின் நாலாவது வரியை எழுதிக் கொடுத்தேன். போஜ்வானி என்னைக் கட்டிப்பிடித்தார். கதாநாயகியின் முடியைக் காற்றுக்கு ஏற்றபடி கலைத்துவிட்டு ஓரமாக நின்ற ஹெர்மினா, ஷாட்டில் அதைக் கேட்டாள். என்னைப் பார்த்தாள். பிறகு வந்து, "முன்ஷிஜி, என் வார்த்தை மேடம் வாயில நல்லாத்தான் இருக்கு" என்றாள். பெருமைப்பட்டாள். அவள் திட்டியிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. ஷார்ஜாவிலும் ஓடியது. பலிராமிடமிருந்து கடிதம் வந்தது. யூனிட்டில் வேறு யாரிடமும் காட்ட வெட்கப்பட்டு, என்னிடமே கொண்டுவந்து படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"நான் தலையணைக்குக் கீழே வெச்சிருந்தது உன் மேடத்தோட டயலாக்கா? தியேட்டர்ல கூட இருந்தவனுங்க கைதட்டுறாங்க, எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம்போல இருந்துச்சு. ஷூட்டிங்ல கேட்டதைக் காப்பி அடிச்சு அனுப்ப, நான் என்ன உனக்கு ரசிகனா?"

ஹெர்மினா வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்தாள்.

"நீங்க எழுதுங்க முன்ஷிஜி. அது என் வார்த்தை, நீங்கதான் எடுத்து சினிமாவுல போட்டீங்கன்னு. உங்க பேரைப் போட்டு எழுதுங்க. நீங்க சொன்னா நம்புவான்."

அந்த வாரம் விருதுப் பட்டியலில் என் பெயர் வந்திருந்தது. அந்த ஒரு வசனத்துக்காகத்தான் வந்தது என்று பத்திரிகைகளே எழுதின. கையெழுத்துப் போட்ட கடிதம் எங்கே போய் யார் கையில் மாட்டுமோ என்று உதறல். எழுதினேன். ஹெர்மினா நல்ல பெண், உன்மேல் உயிரை வைத்திருக்கிறாள், சந்தேகப்படாதே என்று ஒரு பக்கம் எழுதினேன். எதைக் கேட்டாளோ அது அதில் இல்லை.

"படிச்சுக் காட்டுங்க" என்றாள்.

தாளில் இல்லாததையும் சேர்த்துப் படித்தேன். எழுத்தின்மேல் விரலை ஓட்டியபடி, கொஞ்சமும் தடுமாறாமல் படித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தத் தாளை வாங்கி அவளே உறையில் போட்டு ஒட்டினாள்.

பலிராம் பதில் போடவில்லை. அடுத்த வருடம் ஊரில் கல்யாணம் செய்துகொண்டான். ஹெர்மினா கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

போன மாதம் அதே தியேட்டரில் இருபத்தைந்தாவது வருட விழா. மேடையில் கதாநாயகி, போஜ்வானி, நான். இப்போதும் அந்த அம்மாவுக்கு ஹெர்மினாதான் தலை வாருகிறாள். திரைச்சீலை ஓரத்தில் சீப்போடு நின்றாள். முடி முழுக்க நரைத்துவிட்டது. அவளைப் பார்த்ததும், இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

தொகுப்பாளர் மைக்கை நீட்டினார். "நிகம் சாப், அந்த மழைக் கதையைச் சொல்லுங்க."

"மழை எல்லாம் பொய். அதை நான் எழுதலை. ஒரு பொண்ணு சொன்னது."

பெயர் நாக்கு நுனியில் இருந்தது. எந்தப் பெண், ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை, அவளுக்கு என்ன ஆயிற்று என்று அடுத்தடுத்துக் கேட்பார்களே. பெயரை விழுங்கிவிட்டேன்.

"என்ன ஒரு பணிவு, பாருங்க" என்றார் தொகுப்பாளர். தியேட்டரே எழுந்து நின்று கைதட்டியது. போஜ்வானி கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைதட்டலுக்குக் குனிந்தும் தொலைத்தேன்.

கீழே இறங்கியபோது ஹெர்மினா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். என்ன கேட்டாலும் வாங்கிக்கொள்வது என்று தலையைக் குனிந்து நின்றேன்.

"எதுக்கு முன்ஷிஜி இந்த வயசுல இதெல்லாம்? பேரைச் சொல்லாம விட்டதும் நல்லதுதான், எனக்குக் கூச்சமா இருந்திருக்கும்."

"ஹெர்மினா..."

"சொல்ல வேண்டியவன்கிட்ட நீங்க அப்பவே சொல்லிட்டீங்க. உங்க பேரைப் போட்டு, விருது போனாலும் போகுதுன்னு எழுதினீங்க. இந்த ஊர்ல யார் செய்வா? அவன் நம்பலை, அது என் தலையெழுத்து. எத்தனையோ தடவை நினைச்சிருக்கேன், எனக்காக ஒருத்தராவது உண்மையைச் சொன்னாரேன்னு. எழுதினீங்கல்ல?"

உள்ளே படம் ஓட ஆரம்பித்திருந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா, எழுதினேன்" என்றேன்.