வின்ச்சுக்கு ஒரு கயிறு

குற்றாலீஸ்வரன் இறந்த பிறகு வந்த முதல் சாரல் காலத்தில் ஜீப் வீட்டைவிட்டு வெளியே வரவே இல்லை. இரண்டாவது சாரல் தொடங்கியதும் அவன் மனைவி ஜெயசித்ராவே வந்து கணவனின் அண்ணன் மணிமுத்துவிடம் பேசினாள்.

"சும்மா நின்னு துருப்பிடிக்கிறதுக்கா அவிய இதை வாங்குனாவ? ரோட்டுல வண்டி சரிஞ்சா இப்பவும் எல்லாரும் உங்களுக்குத்தான் போன் பண்ணுதாவ. எடுங்க அத்தான். ஆனா கயிறு வாங்கப் போகும்போது நானும் வருவேன்."

அண்ணனும் தம்பியும் சேர்ந்து வாங்கிய ஜீப் அது. முன்பக்கம் வடத்தைச் சுருட்டி இழுக்கும் வின்ச் மாட்டி, பள்ளத்தில் இறங்கிய வண்டிகளையும் சேற்றில் புதைந்த வண்டிகளையும் இழுத்துக் கொடுப்பதுதான் இருவருக்கும் தொழில். இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆடி மாதம் ஐந்தருவிச் சாலையோரம் ஓடையில் சரிந்துவிட்ட வேன் ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தபோது வின்ச்சின் இரும்பு வடம் அறுந்தது. விறைத்து நின்ற வடம் சாட்டையாகத் திரும்பி, ஓரத்தில் நின்ற குற்றாலீஸ்வரனின் கழுத்தில் அடித்தது. தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது. வின்ச்சை இயக்கும் ரிமோட் அப்போது மணிமுத்துவின் கையில் இருந்தது.

கயிறு வாங்கப் போன தென்காசிக் கடையில் இருந்த ஜோயலுக்கு இதெல்லாம் தெரியாது. மேசைமேல் இரண்டு சுருளை எடுத்து வைத்தான்.

"இரும்புன்னா வெயில் மழை தாங்கும் அண்ணாச்சி. பாறையில உரசினாலும் கவலையில்ல. ஆனா கனம். இழை பிரிஞ்சா கையைக் கிழிச்சிரும். இந்தா, இது சிந்தெடிக். பாக்கத்தான் கொடிக்கயிறு மாதிரி இருக்கு, இழுக்கதுல இரும்புக்குச் சளைக்காது. கூரான கல்லுல மட்டும் படக்கூடாது, பட்டா அறுந்துரும். கல்லு இருக்க எடத்துல இந்த உறையை மாட்டிக்கிடுங்க."

"அறுந்தா என்ன ஆகும்?" என்று ஜெயசித்ரா கேட்டாள்.

"பக்கத்துல நிக்கக்கூடாதுதான்க்கா. ஆனா இது லேசு. பெரும்பாலும் பொத்துனு தரையில விழுந்துரும். இரும்பு மாதிரி ஆளைக் கொல்லாது."

அவள் அந்த நீலக் கயிற்றைக் கையில் எடுத்தாள். ஒரு முனையை விரல்களுக்குள் விட்டு மெல்ல இழுத்துப் பார்த்தாள்.

"இது புதுசா வந்ததா?"

"இல்லக்கா. கடை ஆரம்பிச்சதுல இருந்தே விக்கோம்."

மணிமுத்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதையே கட்டிக் குடுங்க" என்றாள் ஜெயசித்ரா.

திரும்பும்போது அவள் ஜீப்பின் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். ஜீப் இலஞ்சியைத் தாண்டியது. சாரல் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டே வந்தது.

"அத்தான். இந்தக் கயிறு இருக்குன்னு அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

மணிமுத்துவுக்குத் தெரியும். புளியரைப் பக்கம் கேரளாக்காரர்கள் இந்தக் கயிற்றைப் போட்டு இழுப்பதைப் பார்த்துவிட்டு வந்து தம்பியிடம் சொன்னவரே அவர்தான். தம்பி கேட்கவில்லை. "நம்ம ஓடை பூராவும் பாறைண்ணே. ஒரு உரசல் போதும், உள்ள இருக்க ஆளோட வண்டி கீழ போயிரும். எனக்கு இரும்புதான் தைரியம்" என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவரும் அதற்குமேல் பேசவில்லை.

"தெரியும்" என்றார்.

"பெறகு ஏன் வாங்கல?"

பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. அவருடைய வாயில் இருந்தே பதில் வரவேண்டும் என்று காத்திருந்தாள். தம்பியின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்ல அவரால் முடியவில்லை.

"தம்பி வாங்குவோம்னான். நான்தான் இரும்பே போதும்னுட்டேன்."

அவள் அழவில்லை. சிறிது தூரம் போனதும், "இங்கன நிறுத்துங்க" என்றாள். இறங்கி, முந்தானையைக்கூடத் தலையில் போட்டுக்கொள்ளாமல் சாரலில் நடந்து போனாள்.

நடந்ததை அறிந்த மணிமுத்துவின் மனைவி ஆனந்தவள்ளி கொதித்துவிட்டாள். "என்ன மனுசன் நீங்க? கொழுந்தனார் வேண்டாம்னு சொன்னதை நானே எங்காதால கேட்டிருக்கேன். இப்பவே போயிச் சொல்லிருதேன்."

"சொல்லாத."

"ஏன்?"

"எம்மேல கோவம்னா என்னைத் திட்டிக்கிடுவா. அவன் மேல கோவம் வந்தா அவ யார்ட்ட போயிச் சண்டை போடுவா?"

ஆனந்தவள்ளி எழுந்தாள். அடுப்படிக்குள் போய் வெகுநேரம் நின்றாள்.

அந்த மாதமே ஜெயசித்ரா மகளைக் கூட்டிக்கொண்டு வாசுதேவநல்லூரில் இருந்த அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஆனந்தவள்ளியிடம் மட்டும் சொல்லிக்கொண்டாள்.

அவள் போன மறுவாரம் ஐந்தருவிச் சாலையில் ஒரு கார் ஓடைக்குள் இறங்கிவிட்டதாக அழைப்பு வந்தது. தம்பி விழுந்த இடத்துக்குச் சற்று மேலே. காருக்குள் இருந்தவர்களை முதலில் வெளியேற்றினார். வேடிக்கை பார்க்க நின்ற கூட்டத்தை வெகுதூரம் விரட்டினார். பாறை விளிம்பில் கயிறு படும் இடத்தில் உறையை இழுத்து மாட்டி, அதற்கடியில் ஒரு சாக்கையும் மடித்து வைத்தார். ரிமோட்டை அழுத்தினார். கார் அசைந்து, பின் மெல்ல மெல்ல மேலே ஏறி வந்தது. கயிறு தாங்கியது. கார்க்காரர் அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ஏதேதோ சொன்னார். மணிமுத்துவுக்கு எதுவும் காதில் விழவில்லை. ஓடைத் தண்ணீரில் கயிற்றின் மணலைக் கழுவும் சாக்கில் குனிந்து உட்கார்ந்து அழுதார்.

குற்றாலீஸ்வரனின் திதிக்கு ஜெயசித்ரா மகளோடு வந்தாள். படத்துக்கு மாலை போட்டாள், ஆனந்தவள்ளியோடு சேர்ந்து சமைத்தாள், எல்லோருக்கும் பரிமாறினாள். மணிமுத்துவின் இலைக்கு மட்டும் ஆனந்தவள்ளி பரிமாறவேண்டியிருந்தது.

சாப்பாடு முடிந்ததும் குழந்தை ஜீப்பருகே நின்ற மணிமுத்துவிடம் ஓடி வந்து அவர் விரலைப் பிடித்தது. "பெரியப்பா, என்னைய ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறீங்களா?"

"ஏட்டி, இங்கன வா" என்று உள்ளேயிருந்து ஜெயசித்ராவின் குரல் வந்தது.

குழந்தை விரலை விடாமல் அவர் முகத்தைப் பார்த்தது.

"அம்மா கூப்பிடுதா பாரு. போ" என்றார் மணிமுத்து.