நீலம் தீட்டிய கழனி

இரவு பதினொரு மணிக்கு மேல், சர்வே குழுத் தலைவி அருணாவுக்கு இளவரசி அழுதபடி போன் செய்தாள்.

"அக்கா, தப்பு பண்ணிட்டேன்க்கா."

காணை என்ற ஊரின் பக்கத்து ஏரி குளங்களைக் கம்ப்யூட்டர் வரைபடத்தில் ஏற்றும் வேலை அது. பாலிடெக்னிக் மாணவியான இளவரசி ஒவ்வோர் இடத்தையும் நேரில் பார்த்துக் குறிக்க வேண்டும். ஓரிடத்துக்கு மட்டும் நாய்க்குப் பயந்து போகாமல், செயற்கைக்கோள் படத்தில் தண்ணீர் தெரிந்ததை நம்பிக் குட்டை என்று நீலம் தீட்டிவிட்டாள். இன்று அவ்வழியே பஸ்ஸில் வந்தபோது அங்கே நெற்பயிர் நின்றது. படமெடுத்த அன்று நடவுக்காகத் தண்ணீர் கட்டிச் சேடை ஓட்டி, வயலைச் சேறாக்கியிருக்கிறார்கள்.

"காந்திமதி அத்தையோட கழனிக்கா. குட்டைய வளைச்சி பயிர் வெச்சிக்கினு இருக்காங்கன்னு நோட்டீஸ் வந்துட்டா? அவங்களுக்கு இருக்கறதே அந்த அரை ஏக்கர்தான்."

"மேப் நாளைக்கு மதியந்தான் ஆபீசுக்குப் போவுது. அழுவாத. ஏன்டி, நாய்க்கா பயந்த?"

"பெரிய நாய்க்கா."

அருணா சிரித்துவிட்டாள். "காலைல ஆறு மணிக்கு வா. நாய நான் பாத்துக்கறேன், நீ வரப்புல நின்னு போட்டோ எடு. ஆனா ஆபீசர்கிட்ட நீதான் சொல்லணும். திட்டுவாரு."

இளவரசி மூக்கை உறிஞ்சினாள்.

"திட்டட்டும்க்கா. நான் அஞ்சரைக்கே வந்துர்றேன்."