மருமகள் சொல்லாத பெயர்

தராஸ் நகரத்தில் ரௌஷனைப் போல ஒரு மருமகள் கிடையாது என்று அவள் மாமியார் குல்பாஷ் பன்னிரண்டு வருஷமாகப் பெருமையடித்துக்கொண்டிருந்தாள். விருந்தாளிக்குத் தேநீர் ஊற்றுவாள், தலை நிமிர மாட்டாள், வாயைத் திறக்க மாட்டாள். அந்தக் காலத்து மருமகள்களைப் போல மாமனார் பெயரைக்கூட உச்சரிக்க மாட்டாள். அடக்கமாம், மரியாதையாம்! நாலு பேர் முன்னால் பேசவே அவளுக்குப் பயம் என்பது எந்த மகராசிக்குத் தெரியும்?

இப்போது அதே பயம் அவளுடைய ஏழு வயது மகள் தோக்ஜானுக்கும் வந்திருந்தது. வீட்டில் வாய் ஓயாத பிள்ளை, பள்ளிக்கூடத்தில் ஆறு மாதமாக ஒரு சொல் பேசவில்லை. படிப்பு ஏறாத பிள்ளைகளுக்கான தனிப் பள்ளிக்கு அவளை மாற்றலாமா என்று முடிவுசெய்ய ஒரு குழு கூப்பிட்டிருந்தது. அதற்கு முன்னால் பிள்ளையைப் பார்த்த மனநல மருத்துவரோ, புத்தியில் குறையே இல்லை, மனிதர் முன்னால் வருகிற பயம்தான், கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால் சரியாகும் என்றார். பிறகு ரௌஷனைப் பார்த்து, "உங்களுக்கும் இது இருக்கு, இல்லையா?" என்றார். அவள் அழுதுவிட்டாள். தினமும் ரொட்டிக் கடையில் ஒரு கேள்வி கேட்பதுதான் அவளுக்கு அவர் தந்த மருந்து. பத்து நாளில் ஆறு நாள் கேட்காமலே திரும்பி வந்தாள்.

குழு கூடிய அன்று அதன் தலைவி பிள்ளையிடம் பெயரைக் கேட்டாள். தோக்ஜான் தரையையே பார்த்தாள். முழுப் பெயரை அம்மாவாவது சொல்லட்டும் என்றாள் தலைவி. குடும்பப் பெயராக வருவது தாத்தாவின் பெயர். ரௌஷன், கூட வந்திருந்த மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள்.

குல்பாஷ் சிரித்தாள். "அவ சொல்ல மாட்டாம்மா. அது எங்க வீட்டுக்காரர் பேரு. பேத்தியும் அவளை மாதிரியே, அடக்கம்."

இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மருமகளா என்று தலைவி மெச்சினாள். ரௌஷன் வழக்கம்போல அந்த மெச்சலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கலாம். ஆனால் தலைவி பேனாவை எடுத்து, பிள்ளை தனிப் பள்ளிக்கே போகட்டும், அங்கே யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள் என்று கனிவாகச் சொல்லிக்கொண்டே எழுத ஆரம்பித்தாள்.

"செய்த்கான்," என்றாள் ரௌஷன். "தோக்ஜான் செய்த்கான். என் மாமனார் பேரு. நான் சொல்லாததுக்கு மரியாதை காரணமில்லைங்க. ஆளுங்க முன்னாடி பேச எனக்குப் பயம். இவளுக்கும் அதான். புத்தி நல்லா இருக்கு. எழுதாதீங்க."

பேனா நின்றது. ரௌஷன் கொண்டுவந்திருந்த மருத்துவரின் கடிதத்தை வாங்கிப் படித்து, மூன்று மாதம் தவணை கொடுத்தார்கள்.

குல்பாஷ் விறுவிறுவென்று வெளியே போனாள். ரௌஷன் மகளோடு பின்னால் ஓடினாள். வாசலில் மாமியார் திரும்பினாள். முகம் சிவந்து கண் கலங்கியிருந்தது.

"பன்னண்டு வருஷம் ஒரே வீட்ல இருக்கோம். ஒரு நாள் எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"

"உங்களைப் பாத்தாலும் பயம்தான் அத்தை," என்றாள் ரௌஷன்.