மிரளாதவர்களின் வீடு

எந்த வீட்டுக்கும் சரி சொல்லப் போவதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் ஜூடித்தின் காரில் ஏறினேன். ஜூடித் என் அண்ணன் அடெலினோவின் மகள். சாக்ரமெண்டோவில் ஒரு பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறாள். அண்ணனுக்கு நினைவு கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது. பெண்டாட்டி செத்த பிறகு என் வீட்டில்தான் இருந்தார். எனக்குப் பெண்டாட்டி என்று யாரும் வாய்க்கவில்லை. இரண்டு கிழவர்கள், ஒரு கழிவறை, அவ்வளவுதான் குடும்பம். அவருக்குச் சட்டை போட்டுவிடுவது, ரொட்டியைச் சூப்பில் ஊறவைத்துக் கொடுப்பது, குளிக்கவைப்பது எல்லாம் நான்தான். என்னைவிட நன்றாக எவன் பார்த்துவிடப் போகிறான்?

வேலையை விட்டுப் பல வருஷம் ஆகியும் அண்ணனுக்கு மாடு கறக்கப் போகும் நேரம் வந்துவிடும். ரப்பர் பூட்ஸைத் தேடுவார். கிடைக்காவிட்டால் வெறுங்காலோடு பாதாம் தோப்பைக் கடந்து நெடுஞ்சாலைக்குப் போய்விடுவார். இரண்டு தடவை ஷெரீப் ஆபீஸ் போலீஸ்காரர்கள் கொண்டுவந்து விட்டார்கள். இரண்டாம் தடவை வந்தவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஜூடித்தின் போன் நம்பரை வாங்கிக்கொண்டு போனான். அதிலிருந்து அவள் அண்ணனைக் கொண்டுபோய் வைக்க ஓர் இடம் தேட ஆரம்பித்தாள். நூறு கட்டில் போட்ட பெரிய இடமெல்லாம் ஆகாது என்றேன். சரி என்று சின்னதாகப் பார்த்தாள். சாதாரணத் தெருவில் சாதாரண வீடு, உள்ளே ஐந்தாறு வயசாளிகள், கூடவே தங்கிக் கவனித்துக்கொள்ள இரண்டு பேர்.

எனக்குப் படிப்பு நாலாம் வகுப்போடு சரி. ஆனால் கொட்டகை பார்க்கத் தெரியும். கடல் கடந்து அசோரஸ் தீவுகளிலிருந்து பிழைக்க வந்த நானும் அண்ணனும் இந்தப் பள்ளத்தாக்கில் அடுத்தவன் மாட்டைக் கறந்தே நரைத்தவர்கள். மாடு விற்கிறவன் முன்பக்கத்தைக் கழுவி வைத்துக்கொண்டு வாசலில் நின்று சிரிப்பான். அங்கே நிற்கக்கூடாது. நேரே மாட்டுக்குப் பின்னால் போய், எதையோ எடுக்கிற மாதிரி கையைத் தூக்க வேண்டும். நல்ல கையில் இருக்கும் மாடு அசைபோட்டுக்கொண்டே நிற்கும். அடி வாங்கிய மாடு மிரண்டு ஒதுங்கும். விற்கிறவன் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், மாட்டுக்கு நடிக்கத் தெரியாது.

முதல் வீட்டில் எலுமிச்சை வாசனை மூக்கைத் துளைத்தது. எதை மறைக்க இவ்வளவு வாசனை என்று நினைத்தேன். வீட்டுக்காரி ஜூடித்திடம் தோட்டத்தைப் பற்றி அளந்துகொண்டிருந்தாள். நான் சாப்பாட்டு மேசைப் பக்கம் போனேன். வேலைக்காரப் பெண் தட்டை எடுக்கக் கை நீட்டியதும் அங்கே உட்கார்ந்திருந்த ஆள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். நான் திரும்பி வந்து காரில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டாவது வீட்டில் நடுப்பகலில் எல்லோரும் வாய் பிளந்து தூங்கினார்கள். அது தூக்கம் இல்லை, மாத்திரை.

"உங்களுக்கு எதுவுமே பிடிக்காது சித்தப்பா," என்றாள் ஜூடித். "சொர்க்கத்துக்குக் கூட்டிட்டுப் போனாலும் வாசப்படி சரியில்லன்னு திரும்பி வந்துருவீங்க."

மூன்றாவது வீடு டர்லாக் என்ற ஊரில், ஒரு முட்டுச்சந்தின் கடைசியில். மெர்லிண்டா என்ற பிலிப்பினோ பெண் நடத்துவது. உள்ளே பூண்டு வதக்கும் வாசனை. ரொமெல் என்ற பையன், அவளுடைய தம்பி மகனாம், ஜன்னலோரம் ஒரு கிழவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தான். கத்தி பக்கத்தில் வந்ததும் கிழவர் தானாகவே தாடையைத் தூக்கிக் கொடுத்தார். அது போதாது என்று நினைத்தேன். விடாமல் சோபாவில் இருந்த தெல்மா என்ற பாட்டிக்குப் பின்னால் போய், அலமாரியில் எதையோ எடுப்பது போலச் சட்டென்று கையைத் தூக்கினேன்.

அவள் மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். "பிஸ்கட் தீந்து போச்சு," என்றாள். "உன்ன மாதிரி திருட்டுப் பய ஒருத்தன் நேத்தே தின்னுட்டான்."

வேலியின் கதவுத் தாழ்ப்பாள் சரியில்லை என்றேன். ரொமெல் அங்கேயே திருப்புளியை எடுத்துவந்து இறுக்கினான். வேறு குறை கிடைக்கவில்லை. கடைசியில், அண்ணன் புது ஆட்களிடம் இருக்கமாட்டார், யார் கூப்பிட்டாலும் என் கை இல்லாமல் எழுந்துகூட நிற்கமாட்டார் என்று மெர்லிண்டாவிடம் சொன்னேன். அவள் வாதாடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட அழைத்து வாருங்கள், எப்படி இருக்கிறார் என்று பார்க்கலாம் என்றாள். நானும் சம்மதித்தேன். அண்ணன் அங்கே ரகளை செய்வார், ஜூடித் கண்ணால் பார்ப்பாள், பேச்சு அத்தோடு முடியும் என்று கணக்குப் போட்டேன்.

அண்ணன் ரகளை செய்யவில்லை. சோறும் கோழியும் இரண்டு தட்டு சாப்பிட்டார். தெல்மாவிடம் எங்கள் தீவுப் பேச்சில் ஏதோ சொன்னார். அவளுக்கு ஒரு எழுத்தும் புரியாது. இருந்தாலும், "அப்படிப் போடு," என்றாள். இருவரும் சிரித்தார்கள். என் வீட்டில் அவர் சிரித்து எத்தனை நாள் ஆயிற்று என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

நேரமாகிவிட்டது, கிளம்பலாம் என்று எழுந்தேன். அண்ணன் காதில் விழாத மாதிரி உட்கார்ந்திருந்தார். தினமும் செய்வது போல நாற்காலிக்குப் பின்னால் போய், தோளை அவர் விலாவில் கொடுத்து, இடுப்பில் தட்டுவதற்குக் கையைத் தூக்கினேன்.

அண்ணன் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு மேசைமேல் குனிந்தார்.

"அடிக்காத தம்பி," என்றார். "எந்திரிக்கிறேன். எந்திரிச்சிட்டேன் பாரு."

எழுந்திருக்கவில்லை. குனிந்தபடியே அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். தெல்மா கரண்டியைக் கீழே வைத்தாள். என் கை இன்னும் மேலேயே இருந்தது. ரொமெல் அண்ணனுக்கு முன்னால் வந்து தரையில் முட்டி போட்டு உட்கார்ந்தான். தொடவில்லை. கோழி நன்றாக இருந்ததா தாத்தா, இன்னும் கொஞ்சம் கொண்டுவரட்டுமா என்று மட்டும் மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் அண்ணன் கையை இறக்கினார்.

அது அடி இல்லை. நகராமல் நிற்கும் மாட்டைத் தோளால் நெட்டி, பின்னால் ஒரு தட்டுத் தட்டினால் அது கறவை மேடைக்குப் போகும். எங்கள் ஆட்களில் யாரைக் கேட்டாலும் அதை அடி என்று சொல்லமாட்டார்கள். குளிக்க அப்படித்தான் நகர்த்தினேன், கழிவறைக்கும் படுக்கைக்கும் அப்படித்தான். ஆயுசு முழுக்க அண்ணனும் நானும் ஒரே கொட்டகையில் அப்படித்தான் மாடுகளை ஓட்டினோம். நான் கோபப்பட்டதே இல்லை என்று சத்தியம் செய்வேன். வாயில் பாட்டு இருக்கும்போதுகூடத் தட்டியிருக்கிறேன்.

ஜூடித் என்னைப் பின்பக்கத் தோட்டத்துக்கு அழைத்துப் போனாள். அவள் திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை.

"நீங்க வேணும்னு செய்யல சித்தப்பா."

"எல்லா மாட்டுக்காரனும் இதத்தான் சொல்லுவான்," என்றேன்.

அவள் அழுதாள். நான் உள்ளே போய் மெர்லிண்டாவிடம், அண்ணன் இன்றிலிருந்தே இங்கே இருக்கட்டும், துணிமணிகளைச் சாயங்காலம் கொண்டுவருகிறேன் என்றேன். டாக்டர் காகிதமெல்லாம் வேண்டும், புதன்கிழமை ஆகும் என்றாள். புதன்வரை ஜூடித் லீவு போட்டு வந்து இருக்கட்டும் என்றேன். என் வீட்டிலேயே அந்த மூன்று நாளும் அவள்தான் அவரைக் குளிக்கவைத்தாள், சாப்பிடவைத்தாள். நான் கொல்லையில் கிடந்தேன்.

புதன்கிழமை அண்ணனுடைய பெட்டியை நான்தான் தூக்கிப் போனேன். ஜன்னலோரக் கட்டில். அவர் மெத்தையை அமுக்கிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். நான் அவருக்கு நேர் எதிரே, எட்டி நின்றேன்.

"அண்ணே, இனிமே இதான் உன் இடம்."

"நீயும் இங்கதானா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே. நான் வீட்டுக்குப் போறேன்."

அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை, இருடா என்று ஒரே வார்த்தை சொல்லியிருந்தால் அந்தத் தரையில் படுத்திருப்பேன். அவர் மூச்சை விட்டார், தோள் இரண்டும் இறங்கின. "அப்ப சரி," என்றார். பிறகு ரொமெலைக் கூப்பிட்டு பூட்ஸைக் கழற்றிவிடச் சொன்னார்.

ஞாயிறுதோறும் சர்ச்சில் பூசை முடிந்து அங்கே போகிறேன். மெர்லிண்டா எனக்கும் ஒரு தட்டு வைக்கிறாள். தெல்மா என்னைத் திருட்டுப் பயல் என்றுதான் இன்னும் கூப்பிடுகிறாள். அண்ணனுக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்து இரண்டு கையையும் மேசைமேல் விரித்து வைத்துக்கொள்கிறேன். சாப்பிடும்போதும் மெதுவாகத்தான் எடுக்கிறேன். அவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை, கைகளைத்தான் பார்க்கிறார்.