மூச்சு இருபது

"காய்ச்சல் விட்டுடுச்சு மிஸ்ஸி! கை ஜில்லுன்னு இருக்கு, பாருங்க" என்றார் வடிவேலு. சிராங்கூன் ரோட்டுப் பக்கம் மாடு வைத்துப் பால் விற்பவர். அவர் மனைவி பூவம்மா கொட்டகையில் துருப்பிடித்த ஆணியை மிதித்துக் கால் வீங்கி, நான்கு நாளாக நான் நர்ஸாக இருந்த வார்டில் கிடந்தாள். காய்ச்சல் இறங்கினால் வீட்டுக்கு அனுப்பலாம் என்று காலையில் டாக்டர் சொல்லியிருந்தார். மனிதர் மாற்றுச் சேலையோடு வந்துவிட்டார்.

தொட்டேன். ஜில்லென்றுதான் இருந்தது, பிசுபிசுவென்று வியர்த்து. நகங்களில் நீலம். பெயரைக் கேட்டால், "மாடு கறந்தாச்சா?" என்றாள். மதியத்திலிருந்து சிறுநீர் போகவில்லை. புண்ணின் நஞ்சு ரத்தத்தில் ஏறினால் சிலருக்குக் காய்ச்சல் இப்படித்தான் இறங்கும். அது குணமல்ல, உடம்பு கைவிடுவது. மூச்சை எண்ணினேன். நிமிடத்துக்கு நாற்பது, இருக்க வேண்டியதைப்போல் இரு மடங்கு.

கட்டிலில் தொங்கிய அட்டையில் மூச்சுக் கட்டத்தைப் பார்த்தேன். இருபது, இருபது, இருபது. பக்கத்துக் கட்டிலுக்கும் இருபது. எதிர்க் கட்டிலுக்கும் இருபது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பது பெண்களுக்கும் அளந்து ஊற்றியதுபோல் ஒரே மூச்சா? சூட்டைத் தெர்மாமீட்டர் சொல்லிவிடும். மூச்சை எண்ண ஒரு முழு நிமிடம் நிற்க வேண்டுமே, யார் நிற்பது? எந்தச் சோம்பேறி எழுதியது என்று தேடினேன். காலைக் கட்டத்தில் இருந்தது என் கையெழுத்து.

டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்றதும், வார்டுப் பொறுப்பிலிருந்த சிஸ்டர் பிரிஜட் அட்டையை வாங்கிப் பார்த்தார். "டெம்பரேச்சர் தொண்ணூத்தேழு. சார்ட் நல்லாத்தானே இருக்கு? இதுக்கா டாக்டரைக் கூப்பிடுவே?"

"சார்ட் பொய் சிஸ்டர். காலையில நான் எண்ணவே இல்ல. எல்லாரும் எழுதுற மாதிரி எழுதிட்டேன்."

"இதை வெளிய சொன்னா உன் வேலை போயிடும் உர்சுலா."

"போகட்டும். அவ உயிரு போகக் கூடாது."

நானே டெலிபோனை எடுத்துச் சொன்னேன்.  "டிரிப் ஏத்து, வர்றேன்" என்றார் டாக்டர்.

வடிவேலு சேலைப் பொட்டலத்தோடு அப்படியே நின்றிருந்தார். "காய்ச்சல் விட்டா நல்லதுதானே மிஸ்ஸி?"

"இல்ல!" என்று கத்திவிட்டேன். பாவம், அவர்மேல் ஏன் எரிந்து விழுந்தேன்? மார்பில் குத்தியிருந்த கடிகாரத்தைக் கழற்றி அவர் கையில் வைத்தேன். "ஓடுற அந்த நொடி முள்ளு ஒரு சுத்து வர்றதுக்குள்ள அவங்க நெஞ்சு எத்தனை தடவை ஏறுது? சத்தமா எண்ணுங்க. இனி இந்த அட்டையை நான் நம்ப மாட்டேன்."

பூவம்மாவின் கையைக் கட்டி நரம்பைத் தேடினேன். எல்லாம் உள்ளே போய் ஒளிந்திருந்தன. வடிவேலு தொண்டையைச் செருமினார். தினமும் பால் அளக்கிற வாய். முதல் படியை 'லாபம்' என்றே எண்ணிப் பழகியது, ஒன்று என்று வரவில்லை.

"லாபம்... ரெண்டு... மூணு..."

முதல் குத்தில் ரத்தம் வரவில்லை. மறுபடி குத்தினேன்.

"பத்தொம்போது... இருபது."

அவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். முள் பாதி வட்டம்தான் வந்திருந்தது.

"நிறுத்தாதீங்க" என்றேன்.

"இருபத்தொண்ணு" என்றார்.  ஊசியின் அடியில் சிவப்பாக ஒரு துளி எட்டிப் பார்த்தது.