எங்கள் வீட்டில் படி இல்லை

அப்பா பள்ளி வேன் ஓட்டுகிறார். வேன் பிள்ளைகளுக்கு அவர் ‘சிரிப்பு மாமா’. “உனக்கென்னடி, கொடுத்து வச்சவ!” என்பாள் என் பக்கத்து சீட்டுக்காரி. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். வீட்டுக் கதவைத் தாழிட்டதும் அந்தச் சிரிப்பு போய்விடும். பெல்ட் கைக்கு வந்துவிடும்.

நேற்று தம்பி வேன் சாவியைத் தண்ணீர் டம்ளருக்குள் போட்டு, மீன் என்றான். ஐந்து வயதுப் பிள்ளை. முதுகில் நான்கு அடி. நான் குறுக்கே விழுந்ததால் ஐந்தாவது என் தோளுக்கு வந்தது.

காலையில் அம்மா அவனுக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே பாடம் நடத்தினாள்.

“யாராச்சும் கேட்டா?”

“படியில விழுந்துட்டேன்.”

“அதான் என் கண்ணு.”

இன்று சின்ன வகுப்புகளுக்கு எடை பார்க்கும் நாள். ஊசி போடுவார்கள் என்று தம்பி அழுததால், துணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். சட்டையைக் கழற்றியதும் நர்ஸம்மா அவனைத் திருப்பி முதுகைப் பார்த்தார்.

“என்னடா ராஜா இது?”

“படியில விழுந்துட்டேன்.”

“எந்தப் படி?”

தம்பி யோசித்தான். என்னிடம் திரும்பினான். “அக்கா, நம்ம வீட்ல படி எங்க இருக்கு?”

எங்கும் இல்லை. தெருவோடு ஒட்டிய ஒற்றை அறை. மழை பெய்தால் தண்ணீர் கேட்காமலே உள்ளே வந்துவிடும். தினமும் பொய்யை மனப்பாடம் செய்த நாங்கள் வீட்டைப் பார்க்க மறந்துவிட்டோம்.

நர்ஸம்மா என்னைப் பார்த்தார். வேன் வர ஒரு மணி நேரம்தான் இருந்தது. ஏறினால் தம்பி மறுபடி அந்தக் கதவுக்குள்.

“எங்கப்பா அடிச்சாரு,” என்றேன். “பெல்ட்டால. எனக்கும்தான்.”

தலைமையாசிரியை வந்தார். மறுபடி சொன்னேன். குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். மூன்றாம் முறையும் சொன்னேன். ஒரு சொல் மாறவில்லை. ஒன்பதாம் வாய்ப்பாட்டில் தடுக்கி விழுகிறவள் நான், இதில் தடுக்கவில்லை.

வெளியே ஹாரன் இரண்டு முறை அடித்தது. எங்களைக் கூப்பிடும் அப்பாவின் ஹாரன். தம்பி பழக்கத்தில் எழுந்தான். கையைப் பிடித்து உட்கார வைத்தேன். தலைமையாசிரியை எழுந்துபோய் அறைக் கதவை மூடினார்.

பிறகு, பள்ளியிலிருந்து போன் போனதும், அம்மா வந்தாள். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. “சின்னப் பிள்ளைங்க, ஏதாச்சும் உளறும்...” என்று தொடங்கினாள்.

“நான் எல்லாத்தையும் சொல்லிட்டேம்மா.”

நான் தலையைக் குனிந்துகொள்வேன் என்று எதிர்பார்த்தாள் போல. குனியவில்லை. என் தோளைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

“எம்பொண்ணு சொல்றது நிஜந்தாங்க.”

எங்கள் வீட்டுக்குப் போகாமல், அலுவலகத்து அம்மாவின் காரிலேயே பெரியம்மா வீட்டுக்குப் போனோம். தம்பி அம்மா மடியில் தூங்கிவிட்டான். தோள் எனக்கு இன்னும் வலித்தது. ஆனாலும் வகுப்புத் தலைவி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் இதை வெளியே சொன்ன முதல் ஆள் நான்தான்.