அச்சில் ஒரு விரிசல்

குதிரை வண்டிகள் ஓடிய காலம் அது. ஊரிலேயே பெரிய வண்டிப் பட்டறை அவனுடையது. சக்கரங்களுக்கு மசகு போடும் எடுபிடியாக அதே பட்டறைக்குள் நுழைந்து, வண்டிகளுக்கு அடியில் படுத்துத் தூங்கி, முதலாளியாக உயர்ந்தவன். எந்த ஊர், யார் பிள்ளை என்று ஒருத்தரிடமும் வாய் திறந்ததில்லை. வேலையாட்கள் முதுகுக்குப் பின்னால் அவனைப் ‘பூட்டு’ என்றார்கள்.

ஜட்ஜ் ஐயாவின் மகள் அவனுக்கு நேர் எதிர். ரொட்டிக்கடைக்காரரின் பல்வலி முதல் தபால்காரர் வீட்டுப் பிரசவம் வரை அவளுக்குத் தெரியாமல் எதுவும் நடக்காது. நடக்க முடியாமல் போன அப்பாவுக்குச் சக்கர நாற்காலி செய்யச் சொல்லித்தான் பட்டறைக்கு வந்தாள். நாற்காலி முடிந்த பிறகும் சக்கரம் கிறீச்சிடுகிறது, கைப்பிடி ஆடுகிறது என்று ஏதாவது ஒரு சாக்கில் வந்துபோனாள்.

ஒருநாள் பேச்சுவாக்கில், “எங்கம்மா முகமே எனக்குத் தெரியாது” என்று சொல்லிவிட்டான். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் ‘ஐயோ பாவம்’ என்று உச்சுக் கொட்டவில்லை. முக்காலியை அவன் பக்கம் நகர்த்திப் போட்டு உட்கார்ந்தாள். அன்றைக்கு அவனுக்குள் ஓர் ஆசை முளைத்தது. கூடவே ஒரு கவலையும். நமக்குக் கிடைக்கிற இந்தச் சிரிப்புதானே ரொட்டிக்கடைக்காரருக்கும் கிடைக்கிறது?

அந்த நேரம் பார்த்துத்தான் குதிரை வைத்தியர் ஊருக்கு வந்து சேர்ந்தார். படித்தவர், சிவந்த முகம், தெருமுனை வரை கேட்கும் சிரிப்பு. ஜட்ஜ் வீட்டுக் கிழட்டுக் குதிரைக்குக் கால் வீக்கம் என்று போனவர், வீக்கம் வற்றிய பிறகும் போய்க்கொண்டேயிருந்தார். சன்னலில் இரண்டு பேரும் சேர்ந்து சிரிப்பதைப் பார்த்த அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை. குதிரைக்கு ஏன் கால் சரியானது என்று கோபம் வந்தது. அப்புறம், குதிரை மேல் கோபப்படும் அளவுக்கு வந்துவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

ஒரு காலையில் வைத்தியர் தன் வண்டியைப் பட்டறையில் விட்டார்.

“மத்தியானம் மலைப்பாதையில ஒரு சவாரி போறோம், முதலாளி. உங்க ஜட்ஜ் வீட்டு அம்மாவும் வராங்க. வண்டி எல்லாம் சரியா இருக்கான்னு ஒரு தடவை பாத்துடுங்க.”

உங்க ஜட்ஜ் வீட்டு அம்மா! அந்த ‘உங்க’ அவன் காதில் முள்ளாய்க் குத்தியது. குனிந்து பார்த்தான். அச்சில் மயிரிழை போல ஒரு விரிசல். ஊருக்குள் ஓடினால் தாங்கும். மலை இறக்கத்தில் சொல்ல முடியாது. சொன்னால் புது அச்சு போட வேண்டும், தன் கையாலேயே அந்தச் சவாரிக்கு வழிசெய்து அனுப்ப வேண்டும். மத்தியானம் வைத்தியர் திரும்பி வந்து, “எப்படி?” என்று கேட்டபோது அவன் வாயிலிருந்து வந்தது ஒரே சொல்தான்.

“ஓடும்.”

வண்டி தெரு திரும்பியது. உளியை எடுத்தான், வைத்தான். பிறகு வேலைக்காக இடுப்பில் கட்டியிருந்த தோல் முன்கச்சையைக்கூட அவிழ்க்காமல் ஓடினான். கடைத்தெருக் கூட்டத்தில் வண்டி மெதுவாகப் போனதால் பிழைத்தான். வழியில் ஏறிக்கொண்ட அவள் வைத்தியர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவன் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டான்.

“இறங்குங்க. அச்சுல விரிசல் இருக்கு.”

“இப்பதானே ஓடும்னீங்க!” என்றார் வைத்தியர்.

“பாத்தேன். சொல்லல.”

“ஏன்?” என்று கேட்டது அவள்.

தெருவே நின்று பார்த்தது. மூச்சு வாங்க, அவள் முகத்தைப் பார்த்தே சொன்னான். “நீங்க இவரோட போறது எனக்குப் பொறுக்கல.”

அவள் இறங்கினாள். முகம் வெளுத்திருந்தது. “இவருக்கு ஏதாவது ஆகியிருந்தா?” என்று மட்டும் கேட்டுவிட்டு, நடந்தே வீட்டுக்குப் போனாள்.

அன்று புது அச்சை அவனே போட்டு, வண்டியை வைத்தியர் வாசலில் கொண்டுபோய் நிறுத்தி மன்னிப்புக் கேட்டான். “திரும்பி ஓடி வந்தீங்களே, அதனால விடறேன்” என்றார் அவர். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

அவள் பல வாரங்கள் பட்டறைப் பக்கமே வரவில்லை. இனி வரமாட்டாள் என்று அவன் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தபோது, ஒரு சாயங்காலம் வந்து நின்றாள்.

“வைத்தியர் என்னைக் கல்யாணம் பண்ணிக்கக் கேட்டாரு.”

கையிலிருந்த சுத்தியலை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. “நீங்க என்ன சொன்னீங்க?”

“முடியாதுன்னேன். நல்ல மனுஷன். அவரோட இருந்தா சிரிப்பா வருது. ஆனா இத்தனை நாளா நான் கோவத்துல புரண்டது உங்களை நினைச்சுத்தான். வேற யார் மேலயும் எனக்கு இவ்வளவு கோவம் வந்ததில்ல.”

“அப்ப… நான் கேட்டா?”

“கேளுங்க. ஆனா ஒண்ணு. நான் எல்லார்கிட்டயும் சிரிப்பேன், பேசுவேன். அதை மாத்திக்க மாட்டேன். உங்களுக்குப் பொறாமை வந்தா என்கிட்ட வந்து சொல்லணும். யார் வண்டியிலயும் காட்டக் கூடாது.”

அவன் கேட்டான். அவள் சம்மதித்தாள்.

பொறாமை போய்விட்டது என்றெல்லாம் சொல்ல முடியாது. கல்யாணத்தன்று வைத்தியர் அவள் கையைப் பிடித்து வாழ்த்தியபோது, அவன் அவள் காதருகே குனிந்து, “இப்ப வருது” என்றான். “வரட்டும்” என்று சொல்லி, அவள் அவன் கையையும் பிடித்துக்கொண்டாள்.